கோலத்தில் விட்டதும் தாவலில் பிடித்ததும்

கேள்வி: ஜப்பானின் ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை மிடோரி இட்டோ கடைசிவரை ஒலிம்பிக் தங்கம் வாங்கவே இல்லையே. பதற்றத்தில் கோட்டை விட்டவர்தானா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: 1992-க்கு வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். அதற்கு முன்பெல்லாம் அவருக்கு எமனாக வந்தது ‘கட்டாய வடிவங்கள்’ என்ற பிரிவு. ஸ்கேட்டின் விளிம்பால் பனியில் 8 வடிவில் வட்டங்கள் போட வேண்டும். போட்ட கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் போக வேண்டும். இசை இல்லை, தாவல் இல்லை. நடுவர்கள் குனிந்து தடத்தைப் பார்த்து மார்க் போடுவார்கள். புள்ளி வைக்காத கோலப் போட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! 1988 கால்கரி ஒலிம்பிக்ஸில் மொத்த மதிப்பில் 30 சதவீதம் இதற்குத்தான். இட்டோ இதில் 10-ஆம் இடம். கடைசி நாள் மூன்று சுற்றுத் தாவல்கள் ஏழைப் போட்டு அரங்கத்தையே எழுந்து நிற்க வைத்தும் 5-ஆம் இடத்துக்குத்தான் வர முடிந்தது.

1989-இல் பாரிஸில் உலக சாம்பியன். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆள் அவர்தான். அங்கே அவர் போட்ட டிரிபிள் ஆக்ஸெலை உலகப் போட்டியில் அதுவரை எந்தப் பெண்ணும் போட்டதில்லை. முன்பக்கம் பார்த்துக் கிளம்பிப் பின்பக்கமாக இறங்குவதால் மூன்று சுற்று என்பது மூன்றரை ஆகிவிடும். அடுத்த வருடம் ஹாலிஃபாக்ஸ் உலகப் போட்டியில், இசையோடு ஆடும் மற்ற இரண்டு பிரிவுகளிலும் அவர்தான் முதலிடம். கோலத்தில் மறுபடி 10. கிடைத்தது வெள்ளி. அதோடு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். சரி, இனி தடை இல்லை என்று பார்த்தால், 1991 மியூனிக்கில் பயிற்சியின்போது இன்னொரு வீராங்கனை மோதினார். அப்புறம் போட்டியில் ஒரு தாவலில் இறங்கியவர், கேமராவுக்காகத் தடுப்பில் விட்டிருந்த இடைவெளி வழியாக வெளியே போய் விழுந்தார். எழுந்து வந்து மீதியை முடித்தார். நான்காம் இடம்.

1992 ஆல்பர்வில் ஒலிம்பிக்ஸில்தான் நீங்கள் சொல்லும் பதற்றம். முதல் நாள் பத்திரமாக இருக்கட்டும் என்று ஆக்ஸெலை விட்டுவிட்டு அதைவிட எளிதான லட்ஸ் என்ற தாவலைப் போட்டார், அதிலேயே விழுந்தார். இறுதிச் சுற்றில் ஆக்ஸெலிலும் விழுந்தார். கால் சோர்ந்துபோகும் கடைசிக் கட்டத்தில் அதே தாவலை மறுபடி எடுத்து, சுத்தமாக இறங்கினார். ஒலிம்பிக்ஸில் ஒரு பெண் அதைச் செய்தது அதுவே முதல்முறை. வெள்ளி வாங்கியதற்காக நாட்டு மக்களிடம் மன்னிப்பு வேறு கேட்டார், பாவம். என்னைக் கேட்டால், கேட்டிருக்கவே தேவையில்லை.

கேள்வி: ஜப்பானின் இன்னொரு ஸ்கேட்டிங் வீராங்கனை மாவோ அசாடாவுக்கும் இட்டோவுக்கும் என்ன தொடர்பு?
- அதே வாசகி

பதில்: இருவருக்கும் ஊர் நகோயா. மச்சிகோ யமாதா என்ற பயிற்சியாளரிடம் இருவருமே சிறுவயதில் கற்றார்கள். 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸில் அசாடா மூன்று டிரிபிள் ஆக்ஸெல் போட்டார். அவருக்கும் வெள்ளிதான், தங்கம் தென்கொரியாவின் கிம் யூனாவுக்கு.