36 வீடுகள்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் ஒரு புறநகர் டவுன்ஷிப்பில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். பிள்ளைகளின் பள்ளிக்காகவே பெரிய கடன் வாங்கி இங்கே வீடு வாங்கினோம். அப்போது வீட்டு ஏஜெண்ட் சில பகுதிகளைக் காட்டவே இல்லை. “உங்கள் ஆட்களுக்கு இந்தப் பக்கம்தான் பிடிக்கும்” என்று சொல்லி இங்கே அழைத்து வந்தார். இப்போது எங்கள் தெருவிலிருந்து அரை மைல் தள்ளி, குறைந்த வருமானக்காரர்களுக்கு அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன. எதிர்ப்பு மனுவில் கையெழுத்துக் கேட்டு எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் தினமும் செய்தி வருகிறது. பள்ளியில் நெரிசல், வீட்டு விலை சரிவு என்று காரணங்கள். நான் தயங்கியதும் ஒரு நண்பர், “இதில் இனம் எங்கே வந்தது? நாமே கறுப்புத்தானே?” என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு என்பதெல்லாம், அதைத் தடை செய்த 1968 சட்டத்தோடு முடிந்த கதை இல்லையா? நான் கையெழுத்துப் போடலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

‘இதில் இனம் எங்கே வந்தது?’ என்ற கேள்விக்கு உங்கள் மாநிலத்திலேயே ஓர் ஊர் பதில் வைத்திருக்கிறது. பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மவுண்ட் லாரல்.

அங்கே எத்தல் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி இருந்தார். சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியை. அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த வட்டாரத்து மண்ணில் வேரூன்றியது. 1960களில் நகரத்திலிருந்து வெள்ளைக் குடும்பங்கள் வந்து குவிந்தன, நிலத்தின் விலை ஏறியது. பண்ணைகளை ஒட்டிக் குடியிருந்த ஏழைகளின் வீடுகளை, அவற்றில் சில கோழிக் கொட்டகையைத் தடுத்துக் குடித்தனம் செய்தவை, வசிக்கத் தகுதியற்றவை என்று டவுன்ஷிப், அதாவது ஊர் நிர்வாகம், ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியது. மாற்று வீடு தரவில்லை. லாரன்ஸும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து, அடுக்குமாடி வீடுகள் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். மொத்தம் 36 வீடுகள்.

1970இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேயர் அவர்களுடைய தேவாலயத்துக்கே வந்து பதில் சொன்னார். இந்த ஊரில் வாழ உங்களுக்கு வசதியில்லை என்றால் நீங்கள் வெளியேற வேண்டியதுதான் என்பது அதன் சாரம். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் பாட்டன் பூட்டன்மார் மேயரின் வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு முன்பே அங்கே வந்தவர்கள். அந்தப் பதிலில் கறுப்பு என்ற சொல் இல்லை, வசதி என்ற சொல்தான் இருந்தது. உங்கள் நண்பர் அன்று அந்தத் தேவாலயத்தில் இருந்திருந்தால் அங்கேயும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்.

லாரன்ஸ் வழக்குப் போட்டார். டவுன்ஷிப் விதிகளில் எதிலும் இனம் இல்லை. வீட்டுமனை இவ்வளவு அகலம் இருக்க வேண்டும், வீடு இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள்தான். பள்ளி நெரிசலைப் பற்றிக் கவலைப்படும் உங்களுக்காக ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். டவுன்ஷிப் அனுமதித்த ஒருசில பெரிய திட்டங்களில் அடுக்குமாடிக்கு வைத்த நிபந்தனை இது: ஒரு படுக்கையறை வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளை இருக்கக் கூடாது. இரண்டு படுக்கையறை என்றால் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கூடாது. சராசரியாகப் பத்து வீட்டுக்கு மூன்று பிள்ளைகளுக்கு மேல் பள்ளிக்குப் போனால் செலவைக் கட்டுமானக்காரர் ஏற்க வேண்டும். நாயை வளர்க்காதே என்று விதி போடும் வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறோம். பிள்ளையை வளர்க்காதே என்று ஓர் ஊரே விதி போட்டது.

1975இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் லாரன்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. வளரும் ஊர் ஒவ்வொன்றும் தன் வட்டாரத்து ஏழைகளின் வீட்டுத் தேவையில் தன் பங்குக்கு இடம் தர வேண்டும் என்றது. டவுன்ஷிப் என்ன செய்தது தெரியுமா? ஊரின் நிலத்தில் கால் சதவீதத்துக்கும் குறைவாக ஒதுக்கிவிட்டு, ஆணைக்குப் பணிந்துவிட்டோம் என்றது. அதுவும் யாரும் கட்ட முன்வராத மூலைகள். 1983இல் நீதிமன்றம் இரண்டாம் முறை, இந்தத் தடவை கோபத்தோடு, தீர்ப்பளித்தது. 1985இல் சட்டமன்றம் புகுந்து ஒரு வழி கண்டுபிடித்தது. பணக்கார ஊர் தன் பங்கில் பாதி வரை, பணம் கொடுத்து, ஏழை நகரத்தின் தலையில் கட்டிவிடலாம். இந்த ஏற்பாடு 2008 வரை நடந்தது. உங்கள் டவுன்ஷிப் இப்போது திட்டம் போடுவதும் அந்தத் தீர்ப்புகளின் தொடர்ச்சிதான். 2024இல் அதற்கு மாநிலம் புதுச் சட்டம் இயற்றியிருக்கிறது.

எத்தல் லாரன்ஸ் 1994இல் இறந்துபோனார். அவர் பெயரைத் தாங்கிய குடியிருப்பில் முதல் குடும்பங்கள் குடியேறியது 2000இல். இப்போது அங்கே 140 வீடுகள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாசியின் குழு, அந்த வீடுகள் வந்த பிறகு மவுண்ட் லாரலில் குற்றமும் வீட்டு விலையும் சொத்து வரியும் என்ன ஆயின என்று அதே மாதிரியான பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அந்த வீடுகளால் வந்த மாற்றம் என்று எதையும் காண முடியவில்லை. பக்கத்துக் குடியிருப்புகளில் பலருக்கு அப்படியொரு இடம் இருப்பதே தெரியவில்லையாம். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஒருமுறை நண்பர் ஒருவர் என்னை அங்கே காரில் அழைத்துப் போனார். வழி தெரிந்தவர்தான், ஆனாலும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். கூம்புக் கூரை, சின்ன வராந்தா, வாசலில் சாய்ந்து கிடந்த ஒரு பிள்ளையின் சைக்கிள். முந்தின தெருவில் பார்த்ததுதான் இங்கேயும்.

வீட்டு விலை பற்றிய பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். முப்பது ஆண்டுக் கடன் கட்டுகிறவருக்குத்தான் அது தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்கு உரம் போட்டு வளர்த்தது அமெரிக்க அரசாங்கம். 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வங்கிக் கடனுக்குக் காப்பீடு தந்தது, கறுப்பினத்தவர் பக்கத்தில் இருக்கும் மனைகளுக்கு மட்டும் கையை விரித்தது. டெட்ராய்ட்டில் ஒரு கட்டுமானக்காரர் 1941இல் இதற்கு ஒரு வழி கண்டார். தன் மனைகளுக்கும் கறுப்பினத்தவர் குடியிருப்புக்கும் நடுவே ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினார். உடனே காப்பீடு கிடைத்தது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது, வீடுகளின் கொல்லைப்புறத்தில். இப்போது அதன் இரண்டு பக்கமும் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். ஒரு பகுதியில் வண்ண ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள்.

‘நாமே கறுப்புத்தானே’ என்பதற்கு வருகிறேன். பெஷாவரிலிருந்து 1915இல் சான் பிரான்சிஸ்கோ போய் இறங்கிய வைஷ்ணோ தாஸ் பகாய், அவர் மனைவி கலா பகாய் பற்றி உங்கள் நண்பர் கேள்விப்பட்டிருக்கிறாரா? பெர்க்லியில் வீடு வாங்கினார்கள். சாமான்களோடும் மூன்று பையன்களோடும் போய் நின்றபோது, அக்கம்பக்கத்தார் அந்த வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். சொந்த வீட்டு வாசலில் இருந்து வண்டியைத் திருப்பினார்கள். இந்தியர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு பகாய் பெற்றிருந்த குடியுரிமையும் பறிபோனது. 1928இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். இன்று பெர்க்லியில் ஒரு தெருவுக்குக் கலா பகாயின் பெயர் இருக்கிறது.

இன்னொருவர் சிங் ஷெங், சீனர். 1952இல் சவுத் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு புறநகர்க் குடியிருப்பில் வீடு வாங்கப் போனார். எதிர்ப்பு வந்தது. ஜனநாயக நாட்டில் இருக்கிறோம் என்று நம்பிய மனிதர், அக்கம்பக்கத்தாரே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றார். எதிராக 174, ஆதரவாக 28. மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார். உங்கள் குழுவில் சுற்றும் மனு எனக்கு அந்த ஓட்டெடுப்பைத்தான் நினைவூட்டுகிறது. ஒரு வித்தியாசம், அன்று ஓட்டுச்சீட்டில் இருந்த பெயர் நம்மைப் போன்ற ஒருவருடையது.

1968 சட்டம் பற்றி. மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவின் வெள்ளையர் பகுதிகளில் வீட்டுரிமைக்காக 1966இல் ஊர்வலம் போனபோது மார்க்கெட் (Marquette) பூங்காவில் அவர் தலையில் கல் விழுந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் சட்டம் கையெழுத்தானது. நல்ல சட்டம்தான், பல் மட்டும் முளைக்கவில்லை. ஓரளவு பல் வைத்தது 1988 திருத்தம்.

சட்டம் வந்த பிறகு பாகுபாடு பேச்சை மாற்றிக்கொண்டது. இதைப் புரிந்துகொள்ள நமக்கு அமெரிக்கா தேவையில்லை. சென்னையில் நான் வீடு தேடிய நாட்களில், ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்கிய ஒரு வாசலில் நின்றேன். சொந்த ஊர் எது என்றார் வீட்டுக்காரர். அப்பா பெயர் என்ன, அசைவம் உண்டா என்றார். பிறகு, “அடடா, நேற்றுத்தான் அட்வான்ஸ் வாங்கினோம்” என்றார், மிகவும் வருத்தத்தோடு. அடுத்த வாரமும் அட்டை அங்கேயே தொங்கியது. நான் எதை வைத்து நிரூபிப்பது?

அமெரிக்காவில் அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரே வருமானம், ஒரே தேவை சொல்லி ஒரு கறுப்பினத்தவரையும் ஒரு வெள்ளையரையும் தனித்தனியே வீடு கேட்க அனுப்புவது. வர்ஜீனியாவில் ரிச்மண்ட் அருகே இப்படிப் போன கறுப்பினப் பெண்ணிடம் வீடு காலியில்லை என்றார்கள், வெள்ளையரிடம் இருக்கிறது என்றார்கள். குடியேறும் எண்ணமே இல்லாமல் சோதிக்கப் போனவருக்கும் வழக்குப் போட உரிமை உண்டு என்று 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. அலுப்பான வேலை இது. பொய்ப்பெயர், குறிப்பேடு, ஒளித்து வைத்த கேமரா. ‘நியூஸ்டே’ நாளிதழ் லாங் ஐலண்டில் மூன்று ஆண்டுகள் இதைச் செய்து 2019இல் வெளியிட்டது. சமமில்லாமல் நடத்தப்பட்டது கறுப்பினச் சோதனையாளர்களுக்கு 49 சதவீதச் சோதனைகளில், ஆசியர்களுக்கு 19 சதவீதத்தில். ஏஜெண்டுகள் யாரும் யாரையும் திட்டவில்லை. சிரித்துப் பேசி, காரில் ஏற்றி, ஒவ்வொருவரையும் அவரவர் ‘ஆட்கள்’ இருக்கும் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். உங்கள் ஏஜெண்ட் சொன்னதைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். உங்களுக்கு நல்ல பள்ளி கிடைத்ததால் அது உபசாரமாகத் தெரிந்தது.

கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்தால் திட்டக் குழுக் கூட்டத்துக்கும் போங்கள். மைக் முன்னால் வரிசையில் நிற்பவர்கள் எப்போதும் எதிர்ப்பவர்கள்தான். ஆதரிப்பவர் சாப்பிட்டுவிட்டு வீட்டில் இருப்பார். அந்த வீடுகளுக்கு வரப்போகிறவர் இன்னும் ஊரிலேயே இல்லை, வேறெங்கோ இரவு ஷிப்டில் இருப்பார். பள்ளியில் இடம் இருக்கிறதா, இன்னும் எத்தனை வகுப்பறை, எத்தனை பஸ் வேண்டும் என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. பெரிய பெரிய தனி வீடுகளுக்கு அனுமதி கொடுத்தபோது இதே கேள்வியை யாராவது கேட்டார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பேசும்போது உங்கள் தெருவின் பெயரைச் சொல்லுங்கள். அரை மைல் தள்ளிக் குடியிருக்கும், கடன் கட்டும் ஒருவர் இப்படிப் பேசுவதைக் குழு உறுப்பினர்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள்.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களை நீக்கிவிட்டால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்.