சாவோவில் ஊர்வன கணக்கெடுப்பு: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கென்யாவின் சாவோ பூங்காக்களில் பாம்பு, பல்லி, ஆமை எல்லாம் எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையில் சொல்கிறேன்.

கே: அண்ணா, யானையை விமானத்தில் பறந்து எண்ணிவிடலாம். அரணையை எப்படி எண்ணுவது?

எண்ண முடியாது தம்பி. என்னென்ன இனங்கள், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் தேடியதில் கிடைத்தன என்றுதான் பதிவு செய்ய முடியும். தரையில் ஓடுகிற சின்ன உயிர்களுக்குக் குழிப்பொறி வைப்போம். விளிம்பு தரைமட்டத்துக்கு வரும்படி வாளிகளைப் புதைத்து, அவற்றை இணைத்துப் பிளாஸ்டிக் ஷீட்டால் தாழ்வான வேலி கட்டினால், வருகிற அரணை வேலியில் முட்டி, அதை ஒட்டியே ஓடி வாளியில் விழும். பல்லி சுவர் ஏறித் தப்பிவிடும், பெரிய பாம்பு விழவே விழாது, அதனால் கையால் கல்லைப் புரட்டி, பட்டையை விலக்கித் தேடுகிற வேலையும் கூடவே நடக்கணும். வாளியின் அடியில் ஓட்டை, உள்ளே கொஞ்சம் இலை, ஈரப் பஞ்சு கட்டாயம். வெயில் ஏறும் முன் ஒவ்வொரு வாளியையும் பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது வெந்து செத்துப்போகும். தினமும் போய்ப் பார்க்க ஆள் இல்லையென்றால் தயவுசெய்து வாளி புதைக்காதீர்கள்.

கே: எந்த மாதம் போகலாம்?

மழை தொடங்கும்போது. மார்ச் முதல் மே வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. முதல் மழைக்கு ஈசல் கிளம்பும், பல்லிகளும் தவளைகளும் அதைத் தின்ன வரும், தவளைகளைத் தேடிப் பாம்பு வரும். கோடையில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கிற நன்னீர் ஆமைகளும் அப்போதுதான் குட்டைகளில் தலை காட்டும்.

கே: இரவில் தேட விடுவார்களா சார்?

அனுமதியும் துப்பாக்கியோடு ஒரு ரேஞ்சரும் இருந்தால் விடுவார்கள். சிங்கமும் யானையும் திரிகிற காடு, தனியாகப் போகக் கூடாது. ஆனால் போனால் பலன் உண்டு. பகலில் கண்ணுக்கே படாத பச்சோந்தி, தூங்கும்போது டார்ச் வெளிச்சத்தில் வெளிறிப்போய்ப் பளிச்சென்று தெரியும்.

கே: லாட்ஜ் சுவரில் ஆரஞ்சுத் தலை, நீல உடம்போடு ஓணான். கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் பார்த்ததும் இதுதானா?

அது வேறு. மாராவில் பாறைமேல் இளஞ்சிவப்புத் தலையோடு இருப்பது முவான்சா ஓணான். உங்கள் லாட்ஜில் இருப்பது கென்யப் பாறை ஓணான். இரண்டிலுமே பெண்ணுக்கு இந்த நிறமெல்லாம் கிடையாது. அப்புறம், மரத்தண்டில் பட்டப்பகலில் ஓடுகிற குட்டிப் பல்லி கிடைத்தால் லென்ஸ் வைத்து வால் நுனியின் அடிப்பக்கம் பாருங்கள். விரல்களில் இருப்பது போன்ற ஒட்டும் பட்டைகள் அங்கேயும் இருக்கும்.

கே: கென்யாவில் பான்கேக் ஆமை இருக்கிற இடம் சொல்லுங்களேன்?

சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பாறை இடுக்கில் வாழ்கிற இந்தத் தட்டை ஆமையை வளர்ப்பு விலங்காக விற்பதற்குப் பிடித்துப் பிடித்தே, மிக ஆபத்தான நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெரும்பாலும் ஒரு ஈட்டுக்கு ஒரு முட்டைதான். 2019-இல் சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பட்டியலில், சேர்த்தார்கள். படம் போட்டால்கூட இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் போடுங்கள்.

கே: எங்கள் குழுவுக்குக் கருப்பு மாம்பா என்ற விஷப்பாம்பு கிடைக்கவில்லை. "இல்லை" என்று அறிக்கையில் எழுதலாமா?

கூடாது! "இத்தனை பேர், இத்தனை மணி நேரம் தேடியதில் பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். நாள் ஏற ஏறப் புதிய இனம் கிடைத்துக்கொண்டே இருந்தால் உங்கள் பட்டியல் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். தேடிய நேரத்தைக் குறிக்காத பட்டியலைப் பத்து வருடம் கழித்து வருகிறவர் எதோடும் ஒப்பிட முடியாது. அடிபட்டுச் சாலையில் கிடக்கும் பாம்பும் பதிவுதான், படம் எடுத்து இடம், தேதியோடு எழுதிவையுங்கள்.

கே: விஷம் துப்பும் நாகம் அங்கே உண்டா?

உண்டு, சிவப்பு நாகம். கழுத்தில் அகலமான கருப்புப் பட்டை இருக்கும். கண்ணாடி போடாமல் குனியாதீர்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்பணும்.