எஃப்2 அழுத்தினால் திரை மங்குகிறது, இதை மாற்ற முடியுமா?

புது லப்டொப்பில் எக்செல் வேலை செய்யும்போது எஃப்2 தட்டினால் கட்டத்தைத் திருத்த விடாமல் திரை வெளிச்சம் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கீபோர்ட் பழுதில்லை. இப்போது வரும் லப்டொப்கள் பலவற்றில் மேல்வரிசை விசைகளுக்குச் சத்தம், வெளிச்சம் போன்ற வேலைகளைத்தான் முதலில் கொடுத்து அனுப்புகிறார்கள். பழைய எஃப்2 வேண்டுமென்றால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

முதலில் எஸ்கேப் விசையைப் பாருங்கள். அதில் சின்னப் பூட்டுப் படம் இருந்தால், எஃப்என்னைப் பிடித்துக்கொண்டு எஸ்கேப்பை ஒருதரம் தட்டுங்கள். முடிந்தது. டெல், லெனோவோ பலவற்றில் இது உண்டு. இதே சிக்கலுக்கு பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் எனக்குப் புதுக் கீபோர்ட் போடச் சொன்னார்கள்! வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து விசைகளைத் துடைக்கும்போதுதான் அந்தப் பூட்டு கண்ணில் பட்டது.

பூட்டு இல்லையா? சரி, பயோஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கிற அடிப்படை செட்டிங்ஸுக்குள், போக வேண்டியதுதான். எச்பி என்றால் மெஷினைப் போட்டவுடனே எஸ்கேப்பை விடாமல் தட்டி, அப்புறம் எஃப்10. சிஸ்டம் கொன்ஃபிகரேஷன் பகுதியில் ஆக்‌ஷன் கீஸ் மோட் என்று இருந்தால் அதை டிஸேபிள்ட் ஆக்கி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். லெனோவோ ஐடியாபேட்களில் இதற்கு ஹொட்கீ மோட் என்று பெயர். அங்கே வேறெதிலும் கை வைக்காதீர்கள்.

மாக்புக்கில் இவ்வளவு அலைச்சல் இல்லை, கீபோர்ட் செட்டிங்ஸிலேயே மாற்றலாம்.

மாற்றிய பிறகு சத்தம், வெளிச்சம் கூட்டக் குறைக்கத்தான் எஃப்என் தேவைப்படும்.