கோர்ட்டை விட்டு ஐ.டி. கம்பெனிக்குப் போகலாமா?

கேள்வி: 6 ஆண்டுகளாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். ஓ.எம்.ஆரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனம், வணிக ஒப்பந்தங்களைக் கவனிக்கும் சட்ட மேலாளர் வேலைக்குக் கூப்பிடுகிறது. சேர்ந்தால் என் பார் கவுன்சில் பதிவு என்ன ஆகும்? அங்கே உண்மையில் என்ன வேலை இருக்கும்?

பதில்: பதிவு பறிபோகாது, தொழில்தான் நிற்கும். முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி 49. சேர்ந்ததும் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிடுங்கள். வேலையை விட்டால் மறுபடி கவுன் போடலாம். ‘ரீடெய்னர், அதாவது ஊழியராக இல்லாமல் கட்டணத்துக்கு ஆலோசனை தரும் வழக்கறிஞர் என்று எழுதிக்கொள்ளலாமே’ என்று எச்.ஆர். சொன்னால் தலையாட்டாதீர்கள். பி.எஃப்., விடுப்புக் கணக்கு எல்லாம் இருந்தால் அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் வேலைதான்.

மாவட்ட நீதிபதி ஆகும் எண்ணம் இருந்தால் மட்டும் நிதானியுங்கள். வழக்கறிஞர்களுக்கான நேரடி நியமனத்துக்கு 7 ஆண்டு தொழில் வேண்டும். விண்ணப்பிக்கும்போதும் தொழிலில் இருக்க வேண்டும். உங்களுக்கு ஓராண்டுதான் பாக்கி.

இன்னொன்றும் மாறும். கட்சிக்காரர் உங்களிடம் சொல்வதற்கு இப்போது சட்டப் பாதுகாப்பு உண்டு. சம்பளத்தில் இருக்கும் சட்ட அலுவலருக்கு அந்தச் சலுகை கிடையாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சிக்கலான விவகாரத்தில் வெளி வழக்கறிஞரிடம் கருத்துக் கேளுங்கள். மெயிலில் மனம்போனபடி எழுதாதீர்கள்.

இனி வேலை. அங்கே வாய்தா கிடையாது. மார்ச் 31 இரவு 9 மணிக்கு விற்பனைப் பிரிவு ஆள் 40 பக்க ஒப்பந்தத்தோடு வந்து நிற்பார். அவருக்கு வேண்டியது தீர்ப்பு மேற்கோள்கள் அல்ல. கையெழுத்துப் போடலாமா, கூடாதா என்ற ஒரு வரி.

அந்த வரியைச் சொல்ல நீங்கள் முதலில் புரட்ட வேண்டியது இழப்பீட்டு வரம்புப் பிரிவு. கடந்த 12 மாதக் கட்டணத்துக்கு மேல் பொறுப்பில்லை என்று நாம் எழுதுவோம். வாடிக்கையாளர் ஒரு வங்கி என்றால், ‘தரவுக் கசிவுக்கு மட்டும் வரம்பு கிடையாது’ என்று திருத்தி அனுப்பும். காரணம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். தவறு மென்பொருள் கொடுத்தவருடையது என்றாலும் பதில் சொல்ல வேண்டியது வங்கிதான். அந்தச் சுமையை ஒப்பந்தம் வழியாக நம் தலையில் இறக்கப் பார்க்கிறது. ஆண்டுக்கு 30 லட்சம் தரும் வாடிக்கையாளருக்காக வரம்பில்லாப் பொறுப்பை ஏற்க முடியுமா? தரவுக் கசிவுக்கென்று தனியாக ஓர் உயர் வரம்பு பேசலாம். எவ்வளவு என்பதை நிதிப் பிரிவையும் காப்பீட்டு பாலிசியையும் கேட்காமல் சொல்லாதீர்கள்.

அடுத்தது பதிப்புரிமை. நான் சேர்ந்த புதிதில் ஒரு ஃப்ரீலான்சர் எழுதிய மென்பொருள் நிரல் (code) யாருடையது என்று முதலீட்டாளர் கேட்டார். எங்களிடம் இருந்தவை பில்லும் இரண்டு மெயிலும்தான். ஊழியர் வேலையில் எழுதினால் உரிமை நிறுவனத்துக்கு. வெளியாள் எழுதினால், பணம் கொடுத்திருந்தாலும், எழுத்து மூலம் மாற்றித் தராதவரை அவருக்கே. மாற்றித் தந்த பத்திரத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். சேர்ந்த முதல் மாதமே கைகொடுக்கும்.

மீதியை எஞ்சினியர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ‘99.9 சதவீதம் இயங்கும்’ என்று உறுதி கொடுத்தால் மாதத்துக்குச் சுமார் 43 நிமிடம்தான் சர்வர் படுக்கலாம். பராமரிப்பு நேரம் அந்தக் கணக்கில் சேருமா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். போன மாதம் எவ்வளவு நேரம் படுத்தது என்று சர்வர் பார்ப்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் அந்த எண்ணுக்கே சம்மதிக்க வேண்டும்.

சேருவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: யாருக்குக் கீழே வேலை? நிறுவனத் தலைவர் என்றாலும் நிதித் தலைவர் என்றாலும் சரி. விற்பனைத் தலைவர் என்றால் நான் போகமாட்டேன். நீங்கள் ‘கூடாது’ என்று சொல்ல வேண்டிய ஆளே உங்கள் இன்கிரிமெண்டுக்குக் கையெழுத்துப் போடுவார்.