மதிய மாத்திரைக்கு ஏன் கேட்கவில்லை?

கேள்வி: எங்கள் ஊர் கருங்கல் பக்கம். பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி கடைசி வருடம் படிக்கிறேன். பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நோய்களில் ஆராய்ச்சி செய்ய ஆசை. எங்கள் பாட்டாவுக்கே ஆறு வருடமாகப் பார்க்கின்சன். எம்.எஸ்சி.க்கு நியூரோசயன்ஸ், மாலிக்யுலர் பயாலஜி, பயோடெக்னாலஜி, பயோஇன்பர்மேட்டிக்ஸ் இவற்றில் எதை எடுக்கலாம்? வீட்டில் இருந்து படிக்கவும் முடியவில்லை. காலை மாத்திரை போட்டதும் பாட்டா தோட்டம் வரை தானாக நடப்பார். மதிய மாத்திரைக்கு மட்டும் ஏனோ கேட்பதில்லை என்று அம்மா சொல்கிறாள், நாற்காலியை விட்டு எழவே ஆள் வேண்டும். அவள் ஓயாமல் கூப்பிடுவதால் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் படிக்கிறேன்.

பதில்: தம்பி, மதிய மாத்திரைக்கு ஏன் கேட்கவில்லை என்று ஒரு நாளாவது மாடியை விட்டு இறங்கி வந்து பார்த்தாயா? நீ ஆராயப் போகிற நோய் ஆறு வருடமாக உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் தெரிகிறது என்று அம்மா கண்டுபிடித்துச் சொல்லியும், அதை 'ஏனோ' என்று தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துகிறாய். ஆராய்ச்சி ஆசை என்று எனக்கு எழுதுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான்.

சரி, பாட்டா மதியம் என்ன சாப்பிடுகிறார்? நீ எழுதவில்லை. கருங்கல் பக்கம் மதியச் சோற்றுக்கு மீன் இல்லாத நாள் அபூர்வம் என்பது எனக்குத் தெரியும். சாளைக் கறி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கையோடு மாத்திரையும் போடுகிறார் என்று வைத்துக்கொள். அது பெரும்பாலும் பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா என்ற மருந்தாக இருக்கும். லெவோடோபா ஓர் அமினோ அமிலம். குடலில் இருந்து ரத்தத்துக்கும், ரத்தத்தில் இருந்து மூளைக்கும் போக அதற்கென்று தனி வழி கிடையாது. மீன், பருப்பு, முட்டை இவற்றின் புரதத்தில் இருந்து வரும் சில அமினோ அமிலங்கள் போகிற வழியில்தான் அதுவும் போயாக வேண்டும். கோயில் கொடை நாளில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ் ஏறுவது போலத்தான். கூட்டம் முந்திக்கொண்டால் மருந்து கீழே நிற்கும். காலையில் வெறும் கட்டன் சாயாவோடு போடுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுங்கள் என்று பல டாக்டர்கள் சொல்வது இதனால்தான். செல் சவ்வின் வழியே பொருட்கள் எப்படிப் போகின்றன என்று நீ பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பாய். எழுதி என்ன?

பாட்டாவுக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். பார்க்கின்சன் இரைப்பையையும் மந்தமாக்கும். வருடம் போகப் போக ஒரு மாத்திரை தாங்கும் நேரமும் குறையும். எது என்று தீர்மானிப்பதும் நேரத்தை மாற்றுவதும் டாக்டர் வேலை, நீ கை வைக்காதே. கவனிப்பது உன் வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடமாக ஒருத்தி தனியாக ஒரு பெரிய மனிதரைத் தூக்கி உட்காரவைக்கிறாள், குளியலறைக்குக் கூட்டிப்போகிறாள். படிக்கிற பிள்ளை என்று அம்மா உன்னை விட்டுவைத்திருக்கலாம். நான் விடமாட்டேன். இருபது வயது ஆண்பிள்ளை வீட்டில் இருக்கும்போது இதெல்லாம் பெண்ணின் தலையில்தான் விழ வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

இப்போது படிப்பு. எம்.எஸ்சி.யின் பெயர் நீ நினைக்கிற அளவுக்குப் பெரிய காரியமில்லை. நீ எழுதிய நான்கில் எதைப் படித்தாலும், பிஎச்.டி.க்கு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தகுதித் தேர்வை எழுதும்போது பொதுவாக லைஃப் சயின்சஸ் என்ற ஒரே தாள்தான். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். என் கட்சி, நீ பயோகெமிஸ்ட்ரியிலோ மாலிக்யுலர் பயாலஜியிலோ தொடர்ந்து, கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டை நரம்பு செல்களில் வேலை செய்யும் ஆய்வகத்தில் செய்வதுதான். பூனைக்காலி விதையில் இருந்து லெவோடோபாவை 1937-லேயே பிரித்தெடுத்த தாமோதரனும் ராமசாமியும் சென்னையில் இருந்த பயோகெமிஸ்ட்ரிக்காரர்கள். பார்க்கின்சனுக்கு அது மருந்தாக நிலைத்தது 1960-களில். (உடனே மார்த்தாண்டத்தில் நாட்டுமருந்துக் கடைக்கு ஓடாதே. மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியும் சேர்ந்தால் அளவு மீறும்.) நியூரோசயன்ஸ் என்று பலகை மாட்டிவிட்டு ஆய்வகம் இல்லாத இடத்தில் சேராதே. கணக்கும் புரோகிராமிங்கும் உண்மையிலேயே பிடித்தால் பயோஇன்பர்மேட்டிக்ஸ் எடு. நோயாளியின் முகம் பார்க்காமல் தப்பிக்கலாம் என்பதற்காக எடுக்காதே.

களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் நரம்பு நோய் சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒரே இடத்தில் நடக்கின்றன. ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி மையத்திலும் மூளை ஆராய்ச்சி உண்டு. பெங்களூரில் நிமான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனத்தில் மூளை வங்கியே இருக்கிறது, குடும்பத்தார் தானம் கொடுத்த மூளைகள் அவை. உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் எப்படி நடந்தார், எப்போது விழுந்தார் என்ற குறிப்பும் சேர்ந்தால்தான் அவற்றுக்கு மதிப்பு.

அந்தக் குறிப்பை நாளை மதியமே தொடங்கு. மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், தட்டில் என்ன இருந்தது, எப்போது தானாக எழுந்தார், எப்போது கை மறுபடி நடுங்கியது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுது. இரண்டு வாரம் எழுதிய பிறகு, நரம்பு டாக்டரிடம் பாட்டாவை நீயே கூட்டிப்போய் நோட்டைக் காட்டு. அம்மா அன்று வீட்டில் இருக்கட்டும். அப்புறம் எனக்கு எழுது, எந்த ஆய்வகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று பேசலாம்.