அஞ்சல் கலை: கேள்வி பதில்

கேள்வி: கலைப்படைப்புகளைத் தபாலில் அனுப்பிப் பகிரும் மெயில் ஆர்ட் (அஞ்சல் கலை) கண்காட்சிகளுக்கான அழைப்புகளில் “நடுவர் இல்லை, கட்டணம் இல்லை, திருப்பி அனுப்புவதில்லை” என்று போடுகிறார்களே, ஏன்?

பதில்: எழுதாத ஒப்பந்தம் அது. வந்ததையெல்லாம் காட்சிக்கு வைக்க வேண்டும். அனுப்பியவர் அனைவருக்கும் பங்கேற்றோர் பட்டியலாவது போய்ச்சேர வேண்டும். 1984இல் நியூயார்க்கின் ஃபிராங்க்ளின் ஃபர்னஸ் கலைக்கூடத்தில் நடந்த அஞ்சல் கலைக் கண்காட்சியில் சிலருடையதை ஒதுக்கிவைத்ததற்குப் பெரிய சண்டையே நடந்தது. பொறுக்கி எடுப்பதென்றால் தபால் எதற்கு, கூரியர் போதுமே.

கேள்வி: கவருக்குள் படம் வைத்து அனுப்புவதில் அரசியல் என்ன இருக்கிறது?

பதில்: ராணுவ ஆட்சியில் இருந்தது. பிரேசிலின் ரெசிஃபெ நகரில் கலைஞர்கள் பாவுலோ புருஸ்கி, டேனியல் சான்டியாகோ இருவரும் 1976இல் ஏற்பாடு செய்த அஞ்சல் கலைக் கண்காட்சியை மூடி, அவர்களையும் பிடித்துப்போனார்கள். அடுத்த ஆண்டு உருகுவேயில் அஞ்சல் கலைஞர்கள் கிளமென்டே பாடின், ஹோர்ஹே கரபாயோ இருவரும் சிறைக்குப் போனார்கள்.

கேள்வி: நான் அனுப்பும் கவர் கிழிந்தே போய்ச்சேருகிறது. சில போவதே இல்லை.

பதில்: பட்டன், மணி, மடிப்பு என்று மேலே துருத்தி நிற்கும் எதுவும் தபாலை வகைபிரிக்கும் இயந்திரத்தின் உருளையில் சிக்கும். அவற்றை உள்ளே, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். அஞ்சலட்டை என்றால் 90×140 மி.மீ.க்குக் குறையாமல், 120×235ஐத் தாண்டாமல் வெட்டுங்கள். முகவரிக்கு மேலே 40 மி.மீ., வலதிலும் கீழும் 15 மி.மீ. விட்டுவிடுங்கள். படத்தின் மேலேயே முகவரி எழுதினால் இயந்திரம் படிக்காது. வெள்ளை லேபிள் ஒட்டிக் கருப்பில் எழுதுங்கள். ஜெல் பேனா மழையில் கரையும், பால்பாயின்ட் தாங்கும். நாட்டின் பெயர் கடைசி வரியில், ஆங்கிலப் பெரிய எழுத்தில். கொலாஜுக்கு (தாள் துண்டுகளை ஒட்டிச் செய்யும் படத்துக்கு) நீர் கலந்த பெவிக்கால் பூசினால் தாள் சுருளும். குளூ ஸ்டிக் தேய்த்து, இரவு முழுக்கக் கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள்.

கேள்வி: நானே வரைந்த ஸ்டாம்பை ஒட்டலாமா?

பதில்: ஆர்டிஸ்டாம்ப் என்பார்கள். கவரின் பின்பக்கம் ஒட்டுங்கள். நிஜ ஸ்டாம்பின் இடத்தில் ஒட்டினால் மோசடியாகத் தெரியும். ஓரத் துளைக்குத் தையல் மெஷினை நூல் கோக்காமல் ஓட்டினால் போதும். தையல் நீளம் 2.5 மி.மீ. இருக்கட்டும், 1 மி.மீ. வைத்தால் கைபட்டவுடனே கிழியும். தாள் ஊசியை மழுக்கிவிடும், துணிக்கு வேறு ஊசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘பிரெய்ன் செல்’ என்ற அஞ்சல் கலைத் திட்டம் எப்படி நடந்தது?

பதில்: ஜப்பானின் ரியோசுகே கோஹன் 1985இல் தொடங்கியது. ஒவ்வொருவரும் 150 ஸ்டிக்கரோ ஒரு வடிவமோ அனுப்புவார்கள். அவர் எல்லாவற்றையும் ஏ3 அளவுத் தாளில் ஒட்டியும் அச்சிட்டும் 150 பிரதி செய்து, முகவரிப் பட்டியலோடு அனுப்பினார். அந்தப் பட்டியல்தான் பலருக்கு அடுத்த கடிதத்தின் தொடக்கம்.

கேள்வி: காய்ந்த இலை, விதை வைக்கலாமா?

பதில்: வெளிநாட்டுக்கு வேண்டாம். தாவரச் சோதனையில் பிடிபட்டால் கவரும் சேர்ந்து போகும். இலையில் மை தடவித் தாளில் ஒற்றி எடுங்கள், அந்த அச்சை அனுப்புங்கள்.