அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் திறமையான வீரர்கள் சிலர், ஆண்டுதோறும் நட்சத்திர வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வாகாமல் போவது ஏன்?

முதல் காரணம் இடப்பற்றாக்குறை. கிழக்கு, மேற்கு என ஒவ்வொரு பிரிவுக்கும் வழக்கமாக 12 இடங்கள்தான். 2017 முதல் தொடக்க ஐவரைத் தேர்வு செய்வதில் ரசிகர் வாக்குக்குப் பாதி மதிப்பு. மீதிப் பாதி, வீரர்களின் வாக்குக்கும் ஊடகத்தினரின் வாக்குக்கும் சமமாகப் போகிறது. மற்ற எழுவரைப் பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மைக் கான்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் மெம்ஃபிஸ் அணியில் ஆடத் தொடங்கினார். அவர் ஆடிய மேற்குப் பிரிவில் கிறிஸ் பால், ஸ்டீஃபன் கரி, வெஸ்ட்புரூக், லில்லார்ட் என அவரைப் போலவே பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவர்) இடத்தில் ஆடுபவர்கள் குவிந்திருந்தார்கள். போதாக்குறைக்கு மெம்ஃபிஸ் நிதானமாகவும் தடுப்பாட்டத்தை நம்பியும் ஆடிய அணி. அங்கே புள்ளிக்கணக்கு எகிறாது. கடைசியில் 2021-இல், யூட்டா அணிக்காக ஆடும்போது, தேர்வாகியிருந்த டெவின் புக்கர் காயம்பட்டதால்தான் அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. 14-ஆவது பருவத்தில்! ஆல்-ஸ்டார் ஆட்டம் நடந்த அன்று மாலை மூன்று புள்ளி எறிதல் போட்டியின் இறுதியில் அவர் 27 எடுத்தார். கரி கடைசிப் பந்தைப் போட்டு 28-ஆக்கி வென்றார்.

எனக்குப் பொறுக்காதது ராட் ஸ்ட்ரிக்லாண்டின் கதை. 1997-98 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 10.5 அசிஸ்ட்டுகளுடன் (சகவீரர் கூடை போட உதவும் பாஸ்கள்) லீக்கிலேயே முதலிடம். பருவ முடிவில், அந்தப் பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-என்பிஏ பட்டியலின் இரண்டாம் அணியிலும் இடம். ஆனால் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் அவர் ஒருமுறைகூட ஆடவில்லை. பருவத்தின் நடுவிலேயே ஆல்-ஸ்டார் தேர்வு முடிந்துவிடுவதால் இப்படியும் நேர்கிறது.